சத்து மாத்திரைதானே!

1991ஆம் வருடம், மழைக்காலம் முடிந்த சமயம். படப்பைப் பக்கம் கல் உடைக்கும் கிரஷரில் பல வருடம் தூசியைத் தின்றதில் என் நுரையீரல் கெட்டுப்போயிருந்தது. முழுசாகக் குணமாகாது, மருந்தால் கட்டுக்குள் வைத்துக்கொள்ளலாம் என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அதனால் வேலையை விட்டுவிட்டு ஒரகடம் கூட்டுரோட்டில் சைக்கிள் கடை வைத்திருந்தேன்.

மூச்சு மாத்திரைகள் எலும்பைப் பலவீனமாக்கும் என்பதால், டாக்டரே சுண்ணாம்புச் சத்து மாத்திரையும் எழுதிக் கொடுத்திருந்தார். வைட்டமின் டி கலந்த மாத்திரை அது.

உடம்பு இளைத்துக்கொண்டே போனதில் பார்க்கிறவர்களெல்லாம் பதறினார்கள். துபாயிலிருந்து லீவில் வந்த என் தம்பி, பெரிய புட்டி நிறைய மீன் ஈரல் எண்ணெய் மாத்திரை வாங்கி வந்தான். "வேளா வேளைக்குப் போடுண்ணா, குதிர மாரி ஆயிடுவ" என்றான். கால் வலிக்கிறது என்றதும் பக்கத்துத் தெரு கம்பவுண்டர் வாராவாரம் ஒரு ஊசி போட்டார். "வைட்டமின்தான், இன்னா கெடுதல் பண்ணிடப் போவுது?" என்றார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

குதிரை மாதிரி ஆகவில்லை. முதலில் பசி போயிற்று. அப்புறம் மலச்சிக்கல், வாந்தி. எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் நாக்கு வறண்டது. ஒருநாள் பஞ்சர் ஒட்ட உட்கார்ந்தவன், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்றே தெரியாமல் டியூபைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தேன். அன்று சாயங்காலம் மனைவியை என் தங்கை பெயர் சொல்லிக் கூப்பிட்டேனாம். நுரையீரல் நோய் முற்றிவிட்டது என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். குன்றத்தூரிலிருந்தும் வாலாஜாபாத்திலிருந்தும் சொந்தக்காரர்கள் கடைசியாக ஒரு தடவை முகம் பார்க்க வர ஆரம்பித்தார்கள்.

மனைவியும் தம்பியும் வாடகைக் கார் பிடித்து என்னை அதே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். எனக்கு அரைகுறை நினைவுதான். அங்கே நடந்ததைப் பின்னால் மனைவிதான் சொன்னாள்.

டியூட்டியில் இருந்த இளம் டாக்டரம்மா நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு, "நெஞ்சு முன்னைவிட மோசமா இல்லையே!" என்று யோசித்தாராம்.

"மூச்சு அப்டியேதான் கீது டாக்டரம்மா. தண்ணிதான் கொடம் கொடமா குடிக்கிறாரு. ஒண்ணுக்குப் போய்க்கினே இருக்காரு" என்றாள் என் மனைவி.

சர்க்கரை இருக்கிறதா என்று பார்த்தார்கள். இல்லை.

"நாங்க கொடுத்ததைத் தவிர வேற ஏதாவது மருந்து சாப்பிடுறாரா?"

"வேற மருந்தே கெடையாதும்மா" என்றாள் மனைவி. அது பொய் இல்லை. அதையெல்லாம் மருந்து என்று யார் நினைத்தோம்?

தம்பிதான் தயங்கித் தயங்கி, "சத்து மாத்திர மட்டும் போடுறாரு. அப்புறம் ஒரு சத்து ஊசி" என்றானாம். டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாராம்.

ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து ஆபத்தான அளவுக்கு ஏறியிருந்தது. டாக்டர் எழுதிய மாத்திரை, மீன் எண்ணெய், ஊசி என்று மூன்று வழியாகவும் ஒரே வைட்டமின் டி உள்ளே போயிருக்கிறது; அது மிஞ்சினால் ரத்தத்தில் சுண்ணாம்பை ஏற்றிவிடுமாம். சில வைட்டமின்கள் மிஞ்சினால் சிறுநீரில் போய்விடும், இது உடம்பிலேயே தங்கிவிடும் என்றார் டாக்டரம்மா. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் சிறுநீரகம் போயிருக்குமாம்.

எல்லாச் சத்தையும் நிறுத்தி, சலைன் ஏற்றினார்கள். மெல்ல மெல்லத் தெளிந்தது. கண் விழித்து மனைவியைச் சரியாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தம்பி மட்டும் கட்டில் பக்கமே வரவில்லை. கூப்பிட்டேன்.

"நானே உன்னக் கொன்னுட்டிருப்பேனேண்ணா" என்று அழுதான்.

"நீ பாசத்துல குடுத்த, நான் ஆசையா முழுங்கினேன். வுடுடா" என்றேன்.

வீட்டுக்குக் கிளம்பும்போது, இனிமேல் எந்த மாத்திரையும் வேண்டாம் என்றேன். டாக்டரம்மாவுக்குக் கோபமே வந்துவிட்டது. "மூச்சு மருந்தை நீங்களா நிறுத்தினா அதுவும் உயிருக்கு ஆபத்து. சத்து மாத்திரை கெட்டது இல்லைங்க. உங்களுக்கு எது வேணும், எவ்வளவு வேணும்னு ரத்தம் பார்த்து நாங்க சொல்றோம். யார் எது கொடுத்தாலும் எங்ககிட்ட காட்டிட்டு வாயில போடுங்க."

அதன்படிதான் இன்றுவரை நடக்கிறேன். பாசத்துக்கு அளவு வேண்டாம்; ஆனால் பாசத்தோடு நீட்டுகிற மாத்திரைக்கு அளவு உண்டு என்பதை, அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து உயிரோடு எழுந்து வந்ததால்தான் இன்று உங்களிடம் சொல்ல முடிகிறது.