கேசட்டின் மிச்ச நாடா
பீரோவில் கிடைத்த அப்பாவின் கேசட்டை முகர்ந்ததும், காரைக்குடியில் இடித்துவிட்ட அந்த ரெக்கார்டிங் கடை, சூடேறிய டெக்கின் வாசனையும் ஊதுபத்தியுமாக எழுந்து வந்தது. அமெரிக்க ராக் அண்ட் ரோல் பாடகர் ஒருவரின் சினிமாப் பாட்டுகளை அப்பா பட்டியலிட்டுக் கொடுப்பார். கடைக்காரர் இசைத்தட்டிலிருந்து பதிந்து தருவார். நாடா மிஞ்சினால் அவருக்குப் பொறுக்காது.

“வெறும் நாடாவாக் குடுக்கக் கூடாது சார். கடைசியில பிள்ளையார் பாட்டு போட்டிருக்கேன், கோவிச்சுக்கிறாதீக.”

மாதா படம் மாட்டிய எங்கள் வீட்டில், சர்ச் பூசைக்குப் போய்வந்த ஞாயிறுகளில், அந்த அமெரிக்கருக்குப் பின்னால் பிள்ளையார் வருவார். அழிக்கச் சொல்லி அம்மா சண்டை போட்டும் அப்பா கடைசிவரை அழிக்கவில்லை.

இன்று கேசட்டைப் போட டெக் இல்லை. அட்டையில் அப்பா எழுதிய வரிசைப்படியே போனில் போட்டேன். கண்மூடிக் கேட்டுக்கொண்டிருந்த அம்மா, கடைசிப் பாட்டு முடிந்ததும் நிமிர்ந்தாள்.

“எங்கடி, பிள்ளையாரைக் காணோம்?”