நெட்டு போய்ப் பாத்துச்சா?

இறந்தவரின் ஆதார் அட்டையைக் கையில் வாங்காமல் பூவம்மா ஓர் எழுத்துகூட அடிப்பதில்லை. அட்டை வந்த பிறகும் அதை நம்புவதில்லை. “ஜூன் ஒண்ணுன்னு போட்டுக்கீதே, இது மெய்யாலுமே பொறந்த தேதியா, இஸ்கோல்ல வாத்தியார் வெச்ச தேதியா?” என்று அழுதுகொண்டிருப்பவரிடமே கேட்பாள். அழுகை சற்று நிற்கும். ராயபுரம் கல்மண்டபம் பக்கம் அப்சல் பாயின் அச்சகத்துக்குக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்க வருகிறவர்கள் இதற்குப் பழகிவிட்டார்கள். ரேஷன் கார்டையும் சேர்த்தே எடுத்து வருகிறார்கள்.

வயது ஐம்பத்தொன்று. கணினித் திரைக்கு ஒரு கண்ணாடி, காகிதத்துக்கு ஒரு கண்ணாடி. இரண்டும் கழுத்தில் ஒரே கயிற்றில் தொங்கும். பெயரை அடிக்கும்போது மட்டும் மூச்சை அடக்கிக்கொள்வாள். “இன்சியல் மாறிச்சின்னா செத்தவனுக்கு அப்பன் மாறிடுவான்” என்பாள். அப்சல் பாய் முதலாளி என்றாலும், அவள் சரிபார்த்து ஓரத்தில் கிறுக்காத எதையும் மிஷினில் ஏற்றமாட்டார்.

இதற்கொரு காரணம் உண்டு. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், கடலில் இறந்த ஒரு மீனவரின் போஸ்டரில் அவர் தம்பியின் படத்தை வைத்துவிட்டாள். இருவருக்கும் ஒரே மீசை. தெரு முழுக்க ஒட்டிய பிறகு தம்பி கடை வாசலுக்கு வந்தார். திட்டவில்லை. சுவரில் இருந்த தன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “எங்கம்மா என் மூஞ்ச பாக்க மாட்டேங்குதுக்கா” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். பூவம்மாவும் அப்சல் பாயும் அன்று காசிமேடு வரை நடந்து எல்லாவற்றையும் நகத்தால் சுரண்டி எடுத்தார்கள்.

போன ஆடி மாதம் செல்வம் வந்தார். உள்ளூர்ப் பள்ளியின் பழைய மாணவர் சங்கத்தின் செயலாளர். எப்போதும் அவசரத்தில் இருப்பவர். தமிழில் கணினி மென்பொருள் எழுதிய முன்னோடி அலெக்ஸாண்டர் காலமானார், அவர் நம்ம பள்ளிக்கூடத்துப் பிள்ளை, ஞாயிற்றுக்கிழமை அஞ்சலிக் கூட்டம், மாலைக்குள் ஐம்பது போஸ்டர் வேண்டும் என்றார்.

பூவம்மாவின் கை நின்றது. அவள் தட்டச்சுப் பழகியதே அலெக்ஸாண்டரின் மென்பொருளில்தான். தொண்ணூறுகளில் வடசென்னையில் பாதி அச்சகங்கள் அதில் ஓடின.

“எப்ப செத்தாரு?”

“நெட்ல போட்டுக்கீதுக்கா. இன்னிக்குத்தான் பாத்தேன்.”

“பாடி எந்த வூட்ல கீது?”

“அதான் சொல்றேனே, நெட்ல கீது.”

“நெட்டு போய்ப் பாத்துச்சா?”

செல்வம் கைபேசியைக் காட்டினார். ஓர் இணையதளத்தில் அலெக்ஸாண்டர் 1951இல் எண்ணூரில் ஒரு மீனவர் மகனாகப் பிறந்து, உலகிலேயே முதன்முதலாகக் கணினிக்குத் தமிழ் கற்றுக்கொடுத்து, 2021இல் காலமாகியிருந்தார். படத்தில் இருந்தவர் கோட்டு போட்டிருந்தார். பூவம்மா காகிதக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அலமாரியிலிருந்து அந்த மென்பொருளின் பழைய கையேட்டை உருவினாள். கடைசிப் பக்கத்தில் மாத்தூர் முகவரி ஒன்று இருந்தது. மதியச் சோற்று டப்பாவைத் திறக்காமலே பஸ் ஏறினாள்.

கதவைத் திறந்தவர் லுங்கியில் இருந்தார். கையெல்லாம் சங்கரா மீன் செதில். அலெக்ஸாண்டர் வீடு இதுதானா என்று கேட்டாள்.

“நான்தான்.”

“நீங்க செத்துட்டதா போட்டுக்கீது சார்.”

“தெரியும்மா. மூணு வர்ஷமா கீது. வேற ஒரு அலெக்ஸாண்டர், காலேஜ் வாத்தியார், அவரு செத்தாரு. படமும் அவர்துதான். நான் உயிரோட கீறேன்னு எழுதிப் போட்டேன். ஆதாரம் இல்லன்னு அழிச்சிட்டானுங்க.” மீனைக் கழுவப் போனார். “உட்று. ஒரு பேஜாரும் இல்ல. எவனும் போன் பண்றதில்ல.”

பூவம்மா விடவில்லை. மீன் வறுபடும் நேரத்துக்குள் அவர் வாழ்க்கையை வரிவரியாகச் சரிபார்த்தாள். பள்ளிச் சான்றிதழில் 1953 ஜூன் ஒன்று. ஞானஸ்நானச் சீட்டில் 1952 நவம்பர் பதினொன்று. இரண்டாவதைக் குறித்துக்கொண்டாள். பிறந்தது எண்ணூரில் அல்ல, ராயபுரத்தில். அப்பா மீனவர் அல்ல, துறைமுகத்தில் கப்பல் சரக்கைத் தூக்கி இறக்கும் வின்ச் ஓட்டியவர். “கடல்ல கால் நனைச்சதில்ல. தண்ணின்னா அவருக்கு பயம்.”

உலகிலேயே முதலா என்று கேட்டாள்.

“யாருக்குத் தெரியும்? நான் எழுதச்சொல்லோ வேற எவன் எவன் எங்கெங்க எழுதிகினு இருந்தானோ. நான் எண்ணிப் பாக்கல.” பிறகு அடுப்பை அணைத்துவிட்டு அவளைப் பார்த்தார். “ஒண்ணு சொல்றேன். என் கூட ஷிப்பிங் ஆபீஸ்ல இருதயம்மான்னு டைப்பிஸ்ட் இருந்தாங்க. ஸ்கிரீன்ல வர்ற எழுத்து மொத்தமும் கிராஃப் நோட்டுல புள்ளி வெச்சு போட்டுக் குடுத்தது அவங்க. எவனும் அவங்க பேர போட்டதில்ல. நானும் சொல்லாம இருந்துட்டேன். அவங்க பேரு வரலன்னா நான் செத்தவனாவே இருந்துட்டுப் போறேன்.”

வேறொருத்தியாக இருந்தால் கண் கலங்கியிருப்பாள். பூவம்மா இருதயம்மாளின் முகவரியைக் கேட்டாள்.

மறுநாள் காலை திருவொற்றியூரில், மகள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து இருதயம்மாள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். வயது எழுபத்தாறு. விஷயத்தைக் கேட்டதும் கத்தியைக் கீழே வைத்தார்.

“மொத்தமும் நானா? பொய்யி. அவரு மருவாதிக்கு சொல்றாரு. ஒம்பது எழுத்துதான் நான் போட்டது. ண, ழ, ற, ஐ, ஔ, ஞ, ஜ, ஷ, ஹ. மத்தது அவரே போட்டாரு.”

“ஆதாரம் எதுனா கீதாம்மா?”

கிழவி கோபப்படவில்லை. மகளிடம் பென்சில் கேட்டு வாங்கி, கரண்ட் பில்லின் பின்பக்கம் புள்ளி வைக்கத் தொடங்கினார். வெங்காயக் கையைத் துடைக்கக்கூட இல்லை. மேலிருந்து கீழாக, யோசிக்காமல், ஒரு ழ.

கடைக்குத் திரும்பிய பூவம்மா, கையேட்டின் ழவைப் பெரிதாக்கி அச்செடுத்து இரண்டையும் எண்ணினாள். பில்லில் முப்பத்தேழு புள்ளி. கையேட்டில் முப்பத்தெட்டு. உடனே இருதயம்மாளுக்குப் போன் போட்டாள்.

“வாலு முனையில ஒண்ணு எக்ஸ்ட்ராவா கீதா?” என்றது மறுமுனை. “அது அவரு சேத்தது. நான் அப்பவே வாணாம்னேன்.”

பூவம்மா குறிப்புத் தாளில் ஒன்பது என்று எழுதி அடிக்கோடிட்டாள். அலெக்ஸாண்டருக்கும் போன் போட்டுச் சொன்னாள். “இன்னும் அந்தப் புள்ளி மேல கோவம் போவலியா அவங்களுக்கு?” என்றார் அவர். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குத் தானே வருவதாகச் சொன்னார். இருதயம்மாளுக்குப் பக்கத்து நாற்காலி வேண்டுமாம்.

அஞ்சலிக் கூட்டம் பாராட்டு விழாவானதில் செல்வத்துக்கு வருத்தம் ஏதும் இல்லை. அச்சுக்குப் போகுமுன் திரையில் பேனரைப் பார்த்தபோதுதான் வந்தது. இரண்டு பெயர்களும் ஒரே அளவு எழுத்தில் இருந்தன. கீழே, வின்ச் ஆபரேட்டர் மகன், தமிழ் மென்பொருள் முன்னோடிகளில் ஒருவர், ஒன்பது எழுத்துகளை வடிவமைத்தவர் இருதயம்மாள்.

“இன்னாக்கா இது, வின்ச்சு, ஒம்பதுன்னுகினு? மீனவர் மகன்னு போட்டாதான கெத்தா இருக்கும்.”

“அவங்கப்பா மீன் புடிக்கல.”

“சரி, அத்த உடு. ‘உலகிலேயே முதன்முதலாக’ன்னு ஒரே ஒரு வரி. யாரு வந்து எண்ணப் போறான்?”

“யாரு சொன்னது முதல்னு?”

“எல்லாரும் சொல்றாங்கக்கா.”

பூவம்மா இரண்டு கண்ணாடிகளையும் கழற்றி மேசைமேல் வைத்தாள். நாற்காலியிலிருந்து எழுந்து, விசைப்பலகையைச் செல்வத்தின் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, ஓரத்தில் கிறுக்கும் பேனாவை மட்டும் எடுத்துக்கொண்டு தள்ளி நின்றாள்.