ஐந்தாம் துடுப்பு

"போதும்னு சொல்லேன், வில்மா," என்றான் ஆர்பாத். மருத்துவமனைக் கட்டிலில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான்.

"எப்ப நிறுத்தணும்னு நான்தான் சொல்லுவேன். இன்னும் பத்து மூச்சு இழு."

"ராட்சசி," என்று சிரித்தான் என் கணவன்.

குளிர்காலத் தொடக்கம் அது. அன்று மாலையே போய்விட்டான். 'போதும்' என்று நான் கடைசிவரை சொல்லவில்லை.

இனி நான் சொல்வதை நீங்கள் நம்பாவிட்டாலும் பரவாயில்லை. அந்தப் படகில் என்னோடு ஏழு பேர் இருந்தார்கள். இன்றுவரை ஒருவர்கூட மறுத்ததில்லை.

டீசா ஆற்றங்கரையில் எங்கள் துடுப்புச் சங்கம் நூறு வருஷத்துக்கும் மேலாக இருக்கிறது. நீளமான படகில் எட்டுப் பேர் துடுப்புப் போடுவார்கள். அவர்களைப் பார்த்தபடி பின்முனையில் உட்கார்ந்து, சுக்கான் கயிற்றைப் பிடித்துக் கட்டளை கொடுப்பவள் நான். ஆர்பாத் ஐந்தாம் இருக்கை. வலப்பக்கத் துடுப்பு.

சங்கத்தில் யாராவது இறந்தால், வசந்தத்தின் முதல் ஓட்டத்தில் அவர் இருக்கை காலியாகப் போகும். அவர் துடுப்பு கொட்டகைச் சுவரில் கறுப்பு நாடாவோடு தொங்கும். கரை திரும்பியதும், அவர் எண்ணைச் சொல்லி 'போதும், இறங்கு' என்று நான் விடை கொடுக்க வேண்டும். அதன்பிறகே அங்கே வேறு ஆள் உட்காரலாம்.

அந்த வசந்தத்தின் முதல் ஓட்டம். விடியற்காலை. ஆற்றின் மேல் பனி. கொட்டகையை நானே பூட்டி, சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன்.

"வலப்பக்கம் ஒரு ஆள் குறையுது," என்றான் என் எதிரே எட்டாம் இருக்கையில் இருந்த கெல்லேர்ட். ஆர்பாத்தின் பால்ய நண்பன். "சுக்கானை இடப்பக்கமா இழுத்துப் பிடி. இல்லேன்னா கரையில முட்டி, மீன் பிடிச்சுட்டு உட்கார்ந்திருப்போம்."

இழுத்துப் பிடித்தேன். படகு இடப்பக்கம் ஓடியது.

கயிற்றைத் தளர்த்தினேன்.

நேராகப் போனது...

வலப்பக்கம் மூன்றே துடுப்புகள். ஒவ்வொரு இழுப்புக்கும் நீரில் சுழிகள் என்னைக் கடந்து போயின. ஒன்று... இரண்டு... மூன்று...

நான்கு.

பனிக்குள் பாலத்தின் தூண் தெரிந்தது. நிறுத்த வேண்டும். நிறுத்துவதற்கு எங்கள் கட்டளை 'போதும்'. அந்தச் சொல் எனக்கு வரவில்லை.

"துடுப்பைத் தூக்குங்க," என்றேன்.

ஏழு துடுப்புகளும் மேலே போயின. நீர் சொட்டியது.

சளக்...

படகு இடப்பக்கம் திரும்பியது. தூணை நோக்கி.

சளக்...

வலப்பக்கத்து மூவரும் துடுப்பை நீரில் குத்திப் பிடித்தார்கள். தூண் ஒரு சாண் தள்ளி நகர்ந்து போனது.

கரையில் எல்லோரும் இறங்கினார்கள். என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் பேசாமல் நடந்தேன். சொல்லிவிட்டால் அவன் நிஜமாகவே போய்விடுவான்.

கொட்டகையைத் திறந்தேன்.

சுவரில் அவன் துடுப்பு. நுனியிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. கறுப்பு நாடாவில் ஆற்றுப் பாசி.

பிடியைத் தொட்டேன்.

சூடு.

கையில் ஏதோ பிசுபிசுத்தது. கெல்லேர்ட் என் உள்ளங்கையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். கொப்புளம் உடைந்தால் வரும் ரத்தம். ஒரு நாள் இழுப்பில் அப்படி வராது.

"குளிர்காலம் பூராவும் இழுத்திருக்கான், வில்மா," என்றான் மெதுவாக. "நீ சொல்லாம எப்படி நிறுத்துவான்?"

எங்களுக்குப் பின்னால், ஆற்றில்... சளக்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஐந்து," என்றேன். "போதும், ஆர்பாத். இறங்கிக்கோ."