வாசல் கேட்டில் ஓர் அட்டை

பஸ் நிலையத்தில் எல்லோரும் அவரை மைக் என்றுதான் கூப்பிடுவார்கள். தனியார் பஸ் கம்பெனி ஒன்றின் நிலையம் அது. கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, எந்த பஸ் எங்கே நிற்கிறது, எது தாமதம் என்று அறிவிப்பது அவர் வேலை. உட்கார்ந்து என்று ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன். மனிதர் ஓர் இடத்தில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. மைக்கைப் பிடித்துக்கொண்டு வயர் எட்டுகிற வரை போவார், வருவார். பிறர் பேச்சைக் கேட்பதும் அந்த லட்சணம்தான். பாதியிலேயே தலையாட்டிவிட்டு எழுந்துவிடுவார், மீதியை அவரே இட்டு நிரப்பிக்கொள்வார்.

வாயைத் திறந்தால் அரசியல் சாசனம். மச்சான் வீட்டு விருந்தில் மச்சானுடைய மாப்பிள்ளையின் சம்பளத்தைப் பற்றிக் கருத்துச் சொன்னார். மச்சான் தோளில் கைபோட்டு வெளியே கொண்டுபோய் விட்டதும், பேச்சுரிமை பறிபோச்சு என்று தெருவில் நின்று கத்தினார். தெருவாசிகளின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து, அதே தெருவில் இருக்கும் லிஃப்ட் மெக்கானிக் அவரை நீக்கியபோது கேட்கவே வேண்டாம்.

"சட்டப்படி அவன் என்னை நீக்கவே முடியாது!"

"அது அவர் ஆரம்பிச்ச குரூப்புங்க," என்றாள் மனைவி, தையல் மெஷினிலிருந்து தலை நிமிராமல். "நம்ம வீட்டுக்குள்ள ஒருத்தன் வந்து கத்தினா நீங்க விடுவீங்களா?"

"உனக்கு இதெல்லாம் புரியாது."

புரிந்துகொள்ள அவளுக்கு வேறு கவலைகள் இருந்தன. சர்க்கரை வியாதி. வலது காலில் ஒரு புண், ஆறுவதும் மறுபடி பெரிதாவதுமாக இழுத்துக்கொண்டிருந்தது. தெருமுனையில் நகராட்சி கிளினிக் இருந்ததால் பிழைத்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு போனால் நர்ஸ் கட்டு மாற்றி அனுப்பிவிடுவார். கட்டு தவறக் கூடாது, காலுக்கு அலைச்சல் கொடுக்கவும் கூடாது, இல்லாவிட்டால் விரலை எடுக்க வேண்டிவரும் என்று டாக்டர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார். பெரிய ஆஸ்பத்திரிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். அந்த கிளினிக்கைத்தான் மூடப்போவதாக நகராட்சி அறிவித்தது. மன்றக் கூட்டத்தில் தெருக்காரர்களின் எதிர்ப்பைப் பார்த்து முடிவெடுப்பார்களாம்.

மைக்குக்கு இருப்புக் கொள்ளவில்லை. பழைய பெட்டி ஒன்றைக் கிழித்து, 'எங்கள் கிளினிக்கை மூடாதே' என்று பெரிதாக எழுதி வாசல் கேட்டில் கட்டினார். இதுவரை அவர் செய்ததிலேயே உருப்படியான காரியம் அதுதான் என்பேன். அதைப் பார்த்து அடுத்த வீடு கட்டியது, எதிர்வீடு கட்டியது, மூன்றே நாளில் தெரு முழுக்க அட்டை. லிஃப்ட் மெக்கானிக்கூடக் கட்டினார்.

அதோடு விட்டிருக்கலாம். விடுவாரா? நிலையத்து மைக்கிலும் ஆரம்பித்துவிட்டார். "பயணிகள் கவனத்துக்கு, எங்கள் தெரு கிளினிக்கை மூடப்போகிறார்கள், இதைக் கேட்க ஆளில்லையா?" என்று அவர் முழங்கிக்கொண்டிருந்தபோது, அறிவிப்பு வரும் என்று காத்திருந்தவர்களை விட்டுவிட்டு ஒரு பஸ் கிளம்பிப் போய்விட்டது. மேனேஜர் அவரைத் தொலைந்த பொருள்கள் அறைக்கு மாற்றினார்.

தினமும் அந்த நிலையத்தில் இறங்கி கோர்ட்டுக்குப் போகிற ஒரு வக்கீலம்மா உண்டு. நேரே அவர் அலுவலகத்துக்குப் போய் நின்றார் மைக்.

"கம்பெனி மேல கேஸ் போடணும் மேடம். பேச்சுரிமை."

"உக்காருங்க சார். சாசனத்துல இருக்கிற பேச்சுரிமை அரசாங்கத்தோட கையைக் கட்டிப்போடத்தான் இருக்கு. உங்க மேனேஜர் அரசாங்கம் இல்ல. மைக்கும் கம்பெனியோடது. அதுல என்ன பேசலாம்னு அவங்க சொல்லலாம்."

"அப்போ எனக்கு உரிமையே இல்ல!"

"நான் அப்படிச் சொல்லல. முழுசாக் கேளுங்க..."

யார் கேட்டது? அதற்குள் அவர் படியிறங்கிவிட்டார். வழியில் பார்த்தவர்களிடமெல்லாம், நமக்கு ஒரு உரிமையும் கிடையாதாம், எல்லாம் ஏமாற்று வேலை, வக்கீலே சொல்லிட்டாங்க என்று புலம்பிக்கொண்டே வீட்டுக்கு வந்தார்.

மறுநாள் காலை வாசலில் நகராட்சி ஜீப் நின்றது. இறங்கிய அதிகாரி அட்டையை விரலால் தட்டினார்.

"நகராட்சிக்கு எதிரா இப்படியெல்லாம் எழுதி வைக்கக் கூடாது. எடுத்துடுங்க."

முந்தின வாரம் என்றால் அந்த அதிகாரி காதைப் பொத்திக்கொண்டு ஓடியிருப்பார். இப்போதோ மைக் தோளைக் குறுக்கிக்கொண்டு, "சரிங்க சார்," என்றார். முடிச்சு அவிழவில்லை. மனைவியிடம் கத்தரிக்கோல் கேட்டார். அவள் ஒரு கணம் அவர் முகத்தையே பார்த்தாள், பிறகு கொண்டுவந்து கொடுத்தாள். மைக்கே கழற்றிவிட்டார், நமக்கு எதுக்கு வம்பு என்று சாயங்காலத்துக்குள் தெருவில் ஓர் அட்டை மிச்சமில்லை.

பஸ்ஸில் மறந்துவிட்டுப்போன குடையைத் தேடி வக்கீலம்மா தொலைந்த பொருள்கள் அறைக்கு வந்தார். நடந்ததைக் கேட்டதும் அவருக்குக் கோபமே வந்துவிட்டது.

"உங்க வீட்டு கேட்ல இருந்ததையா எடுத்தீங்க? கழட்டச் சொன்னது நகராட்சி சார், அது அரசாங்கம். பேச்சுரிமை உங்க பக்கம் நிக்கிற இடமே அதுதான். அன்னைக்கு அதைச் சொல்றதுக்குள்ள எழுந்து போயிட்டீங்களே!"

மைக் ஓட்டமும் நடையுமாக வந்து வீடு வீடாகக் கதவைத் தட்டினார். லிஃப்ட் மெக்கானிக் நிலைப்படியைத் தாண்டவில்லை.

"என் குரூப்புல இருக்கிறதே உங்க உரிமைன்னீங்க. அப்புறம் யாருக்கும் ஒரு உரிமையும் இல்லன்னு ஊரெல்லாம் சொன்னீங்க. இன்னைக்கு மறுபடியும் இருக்குங்கிறீங்க. நாங்க எதைன்னு நம்புறது?"

அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. மைக் தன் வீட்டு அட்டையை மட்டும் திரும்பக் கட்டினார். மன்றக் கூட்டத்தில் எழுந்து தொண்டை கிழியப் பேசினார். நகராட்சித் தலைவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு அதே அதிகாரி எழுந்து, தெருவில் முதலில் எதிர்ப்பு இருந்தது உண்மைதான், மக்கள் தாங்களாகவே அட்டைகளை எடுத்துவிட்டார்கள், இப்போது ஒரு வீட்டில்தான் இருக்கிறது என்றார். மூடலாம் என்று உறுப்பினர்களின் கைகள் உயர்ந்தன. கிளினிக் மூடப்பட்டது.

இப்போது கட்டு மாற்ற இரண்டு பஸ். மைக் லீவு போட்டுக் கூடப் போகிறார். ஒரு நாள் அவளை ஜன்னலோரம் உட்காரவைத்துவிட்டு, கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு, கால் மாற்றிக் கால் மாற்றிப் பார்த்தார். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"கோபமா?"

"கிளினிக் போனதுக்கா? அது நீங்க கத்தினாலும் போயிருக்கும், என்னவோ." பஸ் குலுங்கியபோது அவள் இரண்டு கையாலும் காலைத் தாங்கிக்கொண்டாள். "அந்த ஆள் வந்து நின்னப்போ 'சரிங்க சார்'னீங்களே. உங்ககிட்ட அப்படி ஒரு குரல் இருக்குன்னே எனக்குத் தெரியாதுங்க. கல்யாணம் ஆனதுலேருந்து என்கிட்ட ஒரு நாளாவது அந்தக் குரல்ல பேசியிருக்கீங்களா?"

மைக் கம்பியை விட்டுவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் இன்னும் ஏதாவது சொல்வாள் என்று இறங்குகிற இடம் வரை காத்திருந்தார். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.