ஒரே முதலடியில் இரண்டு பாட்டு

புதுப்பட்டினத்தில் தையல் கடை வைத்திருக்கும் என் அக்கா, சர்ச் பாடகர் குழுவுக்குப் பாட்டும் எழுதுவாள். எழுதியதையெல்லாம் போனில் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தட்டி, ஒரே ஃபைலாக வைத்திருந்தாள். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே ஒரு வரி நட்சத்திரக் குறிகள். வேண்டியதைத் தேடித் தள்ளித் தள்ளி விரல் ஓய்ந்துபோய், முழுவதையும் எனக்கு அனுப்பினாள்.

"கம்ப்யூட்டர்லதான வேல பாக்குற. ஒவ்வொரு பாட்டையும் தனி ஃபைலாக்கிக் குடுடா. பேரப் பாத்தா பாட்டு தெரியணும்."

சின்ன வேலைதான் என்று நினைத்தேன். சிறுசேரி ஆபீசிலிருந்து ஊரப்பாக்கம் வீட்டுக்குத் திரும்பும் காரில், மடியில் லேப்டாப்பை வைத்து ஒரு நிரல் எழுதினேன். நட்சத்திர வரி வந்தால் வெட்டு, பாட்டின் முதலடியையே ஃபைலுக்குப் பேராக வை. பிழை எதுவும் காட்டாமல் ஓடி முடித்தது. அப்படியே அனுப்பிவிட்டேன்.

மறுநாள் அக்கா கூப்பிட்டாள். "'கரை தெரியுமுன்னே என்னைக் கண்டீர்' பாட்டு இன்னாடா வேற மாரி கீது? நான் வலையப் பத்தி எழுதினேன். இதுல ஆஸ்பத்திரி வருது."

"நான் ஒரு எழுத்தக்கூட தொடலக்கா."

"அப்ப ஆஸ்பத்திரி எங்கேர்ந்து வந்துச்சு?"

எனக்கும் தெரியவில்லை. பெரிய ஃபைலில் வலைப் பாட்டு பத்திரமாக இருந்தது, துண்டுகளில் மட்டும் இல்லை. நிரலைத் திரும்பத் திரும்பப் படித்தும் தப்பு பிடிபடவில்லை. கடைசியில் முதலடியைக் கொடுத்துத் தேடினேன். இரண்டு இடத்தில் வந்தது. பேர் ஒன்றாகிவிட்டதால், பின்னால் வந்த பாட்டு முன்னதை அழித்துவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது.

அதை அக்காவிடம் சொன்னேன். "ரெண்டாவத நான் எழுதலையே," என்றாள்.

"உன் போன்லதான இருந்துச்சு?"

"உங்க மாமாவ செங்கல்பட்டுல அட்மிட் பண்ணப்ப, பக்கத்துல ஒக்காந்து எதோ தட்டிகினு இருந்தேன். அதுவா? பழைய முதலடின்னு எனக்கே எப்டிடா தெரியாம போச்சு?"

மாமா தேறி வந்து வருஷங்கள் ஆகிவிட்டன.

"எத வைக்கட்டும்க்கா?"

"தெரியலடா. ரெண்டையும் வையி."

பேரின் கடைசியில் ஒன்றுக்கு 'வலை', மற்றதற்கு 'ஆஸ்பத்திரி' என்று சேர்த்து அனுப்பினேன். எதைப் பாடுவது என்று சொல்லாமலே அவள் இரண்டையும் குழுவுக்கு அனுப்பினாள்.

ஞாயிறு ஆராதனைக்கு நானும் போயிருந்தேன். முதலடியை எல்லோரும் சேர்ந்தே பாடினார்கள். அடுத்த அடியில் பாதிப் பேர் வலை வீசினார்கள், பாதிப் பேர் கட்டிலில் படுத்தார்கள். கீபோர்டு நின்றுவிட்டது. எல்லோரும் போனைப் பார்த்து விழிக்க, அக்கா மட்டும் கண்ணை மூடி ஆஸ்பத்திரிப் பாட்டைக் கடைசி வரை பாடினாள்.

வெளியே வந்ததும், "அப்ப அதுதான் உன் பாட்டா?" என்றேன்.

"வாயி அதத்தான் பாடிச்சு," என்றாள். "ஏன்னு என்னக் கேக்காத."