ஒற்றைப்பனைக்கு நேரே

மணற்காட்டுக்குப் போகும் வழி யாகோப்புவுக்கு மனப்பாடம். யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்கு பஸ். அங்கிருந்து குடத்தனைப் பக்கம் இன்னொன்று. அதற்குப் பிறகு தெருவும் இல்லை, நிழலும் இல்லை. வெள்ளை மணல்மேடுகள்தான், கடல்வரைக்கும். வெயில் ஏறுமுன் நடந்துவிட வேண்டும். தண்ணீர் கையோடு வேண்டும். சோளகம் வீசும் மாதங்களில் கால் வைக்கக் கூடாது, மணல் கண்ணைத் திறக்கவிடாது. குருநகரில் தன் வீட்டு வாசலில் கிழிந்த வலையைப் பொத்தியபடி இதையெல்லாம் அவன் வருடா வருடம் சொல்லிக்கொண்டிருந்தான். போகவில்லை.

"என்ன யாகோப்பு, ஒட்டகம் பிடிச்சாச்சோ?" என்று பக்கத்து வீட்டு மார்கிரட் வேலிக்கு அப்பாலிருந்து கேட்பாள்.

"உன்னை ஏத்திக்கொண்டு போகத்தான் பெரிசாய் ஒண்டு தேடுறன்."

மார்கிரட் சிரிப்பாள். அவன் மனைவி இராசாத்தி சிரிக்கமாட்டாள்.

இராசாத்தி மணற்காட்டுக்காரி. ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பத்தொன்பதில் முதல் பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். ஆண்பிள்ளை. பிறக்கும்போதே மூச்சில்லை. ஞானஸ்நானம் பெறாத பிள்ளைக்குச் சேமக்காலையில் புதைக்க இடம் கிடையாது. சிலுவை நடவும் முடியாது. விடிந்ததும் யாகோப்பு பிள்ளையை ஒரு வெள்ளைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு மணலுக்குள் நடந்தான். இராசாத்தியின் தம்பி செபநாயகம் மண்வெட்டியோடு பின்னால் வந்தான். இராசாத்தி பாயில் கிடந்தாள். அவள் அந்த இடத்தைக் காணவில்லை.

மூடி முடிந்த பின் செபநாயகம் சொன்னான்: "அத்தான், ஒரு பனங்கொட்டையாவது ஊண்டி விடுவம். நாளைக்கு இடம் தெரிய வேண்டாமோ?"

"வேண்டாம். நான் குறி எடுத்திட்டன்."

கடலில் அவன் அப்படித்தான் இடம் பிடிப்பான். கரையில் இரண்டு பொருள்கள் ஒன்றின் பின் ஒன்றாக ஒரே நேர்கோட்டில் வரவேண்டும். பக்கவாட்டில் பார்த்தால் வேறு இரண்டு. இரண்டு கோடுகளும் வெட்டுகிற இடத்தில் வலையை இறக்கினால் போதும், எத்தனை மாதம் கழித்து வந்தாலும் மீன் கூடும் அதே பார்தான். பிள்ளைக்கும் அதையே செய்தான். கோயில் கூரையின் சிலுவைக்கு நேர் பின்னால் ஒற்றைப்பனை. அது ஒரு கோடு. வலக்கைப் பக்கம், தாழம்பற்றைக்கு நேர் பின்னால் பெரிய மணல்மேட்டின் உச்சி. அது மற்றது. ஒருமுறை பார்த்தான். மனதில் விழுந்துவிட்டது.

தாய் செத்து, செபநாயகம் முல்லைத்தீவுப் பக்கம் தொழிலுக்குப் போய்க் குடியேறிய பிறகு மணற்காட்டில் இராசாத்திக்கு யாரும் இல்லை.

"இஞ்சாருங்கோ, இந்த மாசியிலை போவமே?"

"இறால் படுகிற நேரம். பங்குனியிலை பாப்பம்."

பங்குனியில் மிசின் பூட்டிய வள்ளம் வாங்கும் பேச்சு. அடுத்த வருடம் மகள் பெர்னடெட் பிறந்தாள். அறுபத்துநாலு புயலுக்குப் பிறகு இராசாத்தி மீண்டும் கேட்டாள்.

"மணல் எல்லாம் கலைஞ்சு போயிருக்குமே?"

"பனை நிக்குதாம். கேட்டனான். நீ பயப்பிடாதை."

"அப்ப குறியை எனக்குச் சொல்லுங்கோ. நான் மார்கிரட் அக்காவோடை போயிட்டு வாறன்."

அவன் சொல்லவில்லை. குறியைத் தமையனுக்குக்கூடச் சொல்லாத தொழில் அது. சொன்னால் அடுத்த நாள் இன்னொருவன் வலை அங்கே கிடக்கும். "சொன்னாலும் உனக்கு விளங்காது, நானே கூட்டிக்கொண்டு போறன்" என்றான். தலையணைக்கடியில் பொருளை வைத்திருப்பவன் மாதிரி அதை வைத்திருந்தான். அந்தத் துணியின் பாரம் கையில் இருக்கும்வரை அங்கே போய் நிற்க முடியாது என்பதை மட்டும் அவன் யாரிடமும் சொன்னதில்லை.

ஒரு கட்டத்தில் இராசாத்தி கேட்பதை நிறுத்திவிட்டாள். பயணத்தைப் பற்றி அவன் மட்டும் கதைத்துக்கொண்டிருந்தான்.

எழுபத்தொன்பதில் பெர்னடெட் முதல் பிள்ளைக்காகத் தாய்வீட்டுக்கு வந்தாள். அந்த வாரம் இராசாத்தி ஒரு பையில் மெழுகுதிரியும் நெருப்புப்பெட்டியும் வைத்தாள். போத்தலில் தண்ணீர் நிரப்பினாள்.

"இவளின்ரை பிள்ளை பிறக்க முந்தி நான் என்ரை பிள்ளையைப் பாக்க வேணும். வாறதெண்டால் வாங்கோ."

அவன் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டான்.

போகும் வழியில் அவன் சொல்லி வந்ததெல்லாம் சரியாகவே இருந்தது. பஸ், அடுத்த பஸ், பிறகு மணல். கோயில் தெரிந்தபோது அவன் நடை வேகமானது. சிலுவைக்குப் பின்னால் பனை வரும்வரை பக்கவாட்டில் நகர்ந்தான். வந்தது. கச்சிதமாக, ஒன்றின் பின் ஒன்று.

"பார், நான் சொன்னனானே!"

வலக்கைப் பக்கம் திரும்பினான்.

தாழம்பற்றை இல்லை. அது நின்ற இடம் என்று அவன் நினைத்த இடத்தில் ஆளுயரத்துக்கு மணல் கிடந்தது. பெரிய மேட்டைக் காணவில்லை. அதற்குப் பதில் அங்குமிங்குமாக வேறு மேடுகள், வேறு உச்சிகள். சோளகத்தில் கண் திறக்க முடியாது என்று வருடா வருடம் சொன்னவன்தான். அந்த மணல் எங்கேயிருந்து வந்து எங்கே போகிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. கடலிலிருந்து பார்க்கிற கரை அசைவதில்லை. கரையில் நின்று குறி எடுத்தபோது அசைகிற மணலை எடுத்திருக்கிறான்.

பனையை நோக்கி நடந்தான். நின்றான். திரும்பி வந்தான். செபநாயகத்தின் பனங்கொட்டை நினைவுக்கு வந்தது. ஊன்றியிருந்தால் இன்றைக்கு அதுவும் ஒரு பனை.

"எங்கை?" என்றாள் இராசாத்தி.

அவன் காலடி மணலைக் காட்டி "இஞ்சைதான்" என்று சொல்லியிருக்கலாம். அவள் நம்பியிருப்பாள்.

"தெரியேல்லை" என்றான். "கோயிலுக்கும் பனைக்கும் நேரேதான். இந்தக் கோட்டிலை எங்கையோ. மற்றக் குறி போயிட்டுது."

"எப்ப போனது?"

"தெரியாது."

"அறுபதிலை வந்திருந்தால் இருந்திருக்குமே?"

அவன் தாழம்பற்றை நின்ற பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"அறுபத்தஞ்சிலை?"

"இருந்திருக்கும்."

அவள் சிலுவையையும் பனையையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தாள். மெழுகுதிரியைப் பையிலிருந்து எடுக்கவில்லை.

"கோடு எண்டால், இப்ப நீங்கள் நிக்கிறதும் அதிலைதானே?"

"ஓம்."

"அப்ப தள்ளி நில்லுங்கோ. மிதிச்சுப் போடாதேங்கோ."

அவன் விலகினான். அவள் கோட்டுக்கு ஒரு பக்கமாக, பனைவரைக்கும் மெதுவாக நடந்து போனாள். அவன் மற்றப் பக்கத்தில் நடந்தான்.