கடிக்குமென்று சொல்லிப் பிழைக்கிறவர்

தூரத்தில் வண்டிச் சத்தம் கேட்டால் போதும். காளிச்சாமி நாய்ச் சங்கிலியை வலது மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொள்வார். குதிகாலை மண்ணில் ஊன்றுவார். உடம்பை அப்படியே பின்னால் சாய்த்துவிடுவார். பார்க்கிறவர்களுக்கு, அந்தக் கருப்பு நாய் அவரை கேரளத்து முதலமடையிலிருந்து பொள்ளாச்சி வரைக்கும் தரதரவென்று இழுத்துக்கொண்டு போய்விடும் போலத் தோன்றும். உண்மையில் இழுப்பது அவர்தான். நாய், ரேஷன் கடை வரிசையில் நிற்கிற ஆளின் நிதானத்தோடு நின்றுகொண்டிருக்கும். வண்டி கடந்து புழுதி அடங்கியதும் நிமிர்ந்து, தலைத்துண்டைச் சரிசெய்துகொண்டு, "நட கண்ணு, சோத்துக்கு நேரமாச்சு" என்பார்.

வீட்டில் அதன் பெயர் கண்ணு. ரோட்டில் கில்லர். ராட்வீலர் ஜாதி. கன்றுக்குட்டியின் தலை, கொல்லன் துருத்தி மாதிரி மூச்சு. காளிச்சாமியோ காற்றடித்தால் சட்டை மட்டும் தனியாக ஆடுகிற ஒல்லி. இந்தப் பொருத்தமின்மையே தொழிலுக்குப் பாதி முதல் என்று அவருக்குத் தெரியும். "நான் கொஞ்சம் தண்டியா இருந்தா நாயி சிறுத்துப் போயிருமுங்க" என்று சாப்பாட்டைக்கூடக் குறைத்து வைத்திருந்தார்.

தொழில் இதுதான். தை பிறந்து மாங்காய் திரளத் தொடங்கினால், மரங்களைப் பூவிலேயே குத்தகைக்கு எடுத்த வியாபாரிகளுக்குத் தூக்கம் போய்விடும். கிளிமூக்கும் செந்தூரமும் காய்த்துத் தொங்குகிற தோப்புக்கு வேலி என்று பெயருக்கு நாலு கம்பி. அந்தத் தோப்புகளுக்குக் காளிச்சாமி நாயை வாடகைக்கு விடுவார். டாபர்மேன் ஒன்று, வயசான ஜெர்மன் ஷெப்பர்டு ஒன்று, எல்லாவற்றுக்கும் மேலே கில்லர். சீசன் முடிந்ததும் மூன்றும் வீடு திரும்பிவிடும்.

அவருடைய முறைகள் கறாரானவை. முதலில் 'கடிக்கும் நாய், ஜாக்கிரதை' என்ற போர்டு தோப்புக்குப் போகும். மறுநாள்தான் நாய் போகும். போகிற வழியில் ஆபே சரக்கு ஆட்டோவை ஜங்ஷன் டீக்கடை முன்னால் நிறுத்தி, ஒரு டீயை அரை மணி நேரம் குடிப்பார். பின்னால் கூண்டுக்குள் கில்லர், வாய்க்கூடு மாட்டி, மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும். வெயிலுக்கு எந்த நாயும் அப்படித்தான் மூச்சு வாங்கும். ஆனால் வாய்க்கூட்டுக்குள்ளிருந்து வாங்கினால் அதன் அர்த்தமே வேறு. கூட்டம் சேர்ந்ததும் சொற்பொழிவு ஆரம்பமாகும். ராட்வீலரின் தாடை ஒருமுறை பூட்டிக்கொண்டால் டயர் கழற்றுகிற கம்பி போட்டுத்தான் நெம்ப வேண்டும். டாபர்மேன் முகத்தை மறக்காது. பேரன் காலத்தில் வந்து பழி வாங்கும். லாப்ரடாரா? "அது நாயே இல்லீங்க. மாமனாரூட்டுக்கு வந்த மாப்ள. திங்கும், தூங்கும், போட்டோவுக்கு நிக்கும்." டெல்லியிலிருந்து சில ஜாதி நாய்களைத் தடைசெய்து ஓர் உத்தரவு வந்ததும், கோர்ட்டு அதில் தலையிட்டதும் மற்ற நாய்க்காரர்களுக்குக் கவலை. காளிச்சாமிக்கு அது விளம்பரம். "கவர்மெண்டே பயந்துக்கிச்சுங்க" என்று சொல்லிக்கொண்டார்.

வியாபாரிக்கு ஒரே ஒரு நிபந்தனை. நாய்க்குச் சோறு அவரேதான் வந்து வைப்பார். வேறு யாரும் கிட்டே போகக் கூடாது. எல்லோரும் இதை ஆபத்தின் அளவாக எடுத்துக்கொண்டார்கள். காரணம் வேறு. வேறு யாராவது இரண்டு நாள் சோறு வைத்தால், மூன்றாம் நாள் கில்லர் மல்லாந்து படுத்து வயிற்றைச் சொறியச் சொல்லும். அப்புறம் தொழில் என்ன ஆவது?

வேடிக்கை என்னவென்றால், டீக்கடையில் ஜாதியைப் பற்றி அத்தனை பேசுகிறவர், வீட்டுப் படியேறினால் நேர் எதிர்க்கட்சி. "ஜாதில என்ன இருக்குது? எல்லாம் வளக்கறதுல இருக்குது" என்று மனைவி ராசம்மாளிடம் வாதாடுவார். ராசம்மாள் டீக்கடைக்குப் போனதில்லை. ஆனாலும் கடைக் கட்சிதான். ஆறு வருஷமாகக் கண்ணுவின் சோற்றுச் சட்டியை விளக்குமாற்றுக் கட்டையால்தான் தள்ளிவிடுகிறாள். அவள் காலடியில் நாளெல்லாம் கிடப்பது செவலை. வேலந்தாவளம் மாட்டுச் சந்தையிலிருந்து லாரியில் தொற்றி வந்து சேர்ந்த நாட்டு நாய். யாரும் வாடகைக்குக் கேட்காத, யாரும் திரும்பிப் பார்க்காத உருப்படி.

கடிப்பது அதுதான். பால் சொசைட்டிக்காரரை, இன்சூரன்ஸ் பிடிக்க வந்தவரை, காளிச்சாமியையே இரண்டு தடவை. ஆனால் அந்த வீட்டில் அதற்குக் கடி என்று பெயர் இல்லை. "பல்லு பட்டிருச்சு" என்பார்கள். சொசைட்டிக்காரர் குடையை விரித்தார், பல்லு பட்டது. இன்சூரன்ஸ்காரர் திரும்பி நடந்தார், பல்லு பட்டது. குற்றம் எப்போதும் காலின் மேல்தான். காளிச்சாமி நிஜமாகவே அஞ்சி ஒதுங்குகிற ஜாதி ஒன்று உண்டென்றால் அது சேவல். சின்ன வயதில் கண்ணுக்குப் பக்கத்தில் கொத்து வாங்கியவர். "சேவல்ல நல்ல சேவல்னு ஒண்ணு கெடையாதுங்க" என்பார். வளர்ப்புக் கொள்கை கோழிக்கூட்டோடு நின்றுவிடும்.

இந்த மாசியில் கில்லர் சந்துருவின் தோப்பில் இருந்தது. சந்துரு இளவட்ட வியாபாரி, மூன்று தோப்புக்காரன். ஒரு நாள் காலை, மோட்டார் ரூமில் கரண்ட் மீட்டர் பார்க்க ஜோபி வந்தான். மறையூருக்கு மேலே எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவன். காட்டுமாடு லயத்து வீட்டு வாசலில் வந்து நின்றபோதுகூடக் கதவைச் சாத்திவிட்டுச் சோறு தின்றவன் என்று சொல்லிக்கொள்வான். ஆனால் காட்டுமாட்டுக்குப் போர்டு கிடையாது. இங்கே கேட்டிலேயே தமிழிலும் மலையாளத்திலும் எச்சரிக்கை. உள்ளே மாமரத்தடியில் சங்கிலியோடு கில்லர் எழுந்து நின்றது. ஜோபி அதன் கண்ணிலிருந்து கண்ணை எடுக்காமல், ஓர் அடி, ஓர் அடியாகப் பின்னால் நடந்தான்.

பின்னால் செவலை இருந்தது. சோற்று வாளியோடு காளிச்சாமி வந்த மொபெட்டைத் துரத்திக்கொண்டு வந்து, நிழலில் படுத்திருந்தது. ஒரு கால் தன்னை நோக்கிப் பின்பக்கமாக வருவதை அது பார்த்தது. பல்லு பட்டுவிட்டது.

ஜோபி திரும்பிப் பார்க்காமல் ஓடினான். முன்னால் நின்ற நாய் எப்படிப் பின்னாலிருந்து கடிக்கும் என்று யோசிக்கவில்லை; கேட்டில் படித்திருந்ததால் கடித்தது எது என்று அவனுக்குச் சந்தேகமே இல்லை. ஆஸ்பத்திரியில் ராட்வீலர் என்றான். ஊசி போட்டவர்களும் அப்படியே நம்பினார்கள். மாலைக்குள் ஜங்ஷன் முழுக்கச் செய்தி.

சோற்று வாளியோடு நின்று எல்லாவற்றையும் பார்த்த காளிச்சாமி அப்போதே வாயைத் திறந்திருக்கலாம். திறக்கத்தான் டீக்கடைக்குப் போனார். போனவரை எழுந்து நின்று வரவேற்றார்கள். வேறு இரண்டு தோப்புக்காரர்கள் அடுத்த சீசனுக்கு இப்போதே நாயைச் சொல்லி வைத்தார்கள். இத்தனை வருஷச் சொற்பொழிவு செய்யாததை ஒரு கடி செய்துவிட்டது. அவர் டீயை ஆற்றிக்கொண்டே, "நாந்தான் அன்னைக்கே சொன்னனுங்களே" என்றார். சொன்னது ஒன்றும் பொய்யில்லை. அன்றைக்கே சொன்னவர்தான்.

நாலாம் நாள் பஞ்சாயத்துக்குப் புகார் போய்விட்டது. பக்கத்துத் தெருக்காரர்கள் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். இந்த ஜாதி நாய் வார்டுக்குள் இருக்கக் கூடாது. பிடித்துக்கொண்டு போய் எங்காவது தூரத்தில் ஒரு காப்பகத்தில் விட்டுவிட வேண்டும். வார்டு மெம்பர் யோகப்பிரியா, ஞாயிற்றுக்கிழமை தோப்புக்கே வந்து விசாரிப்பதாகச் சொல்லி அனுப்பினாள்.

அன்றைக்குக் காளிச்சாமி சோற்றில் கை வைக்கவில்லை. ராசம்மாள் தட்டைப் பார்த்தாள். "பல்லு பட்டது செவலைன்னு சொல்லிப்போட்டு வர்றதுக்கென்னுங்க?"

"சொன்னா அடுத்த வருசம் எவன் கில்லர எடுப்பான்?"

"அப்பக் குடுத்துருங்க. எனக்கென்னொ, கட்டைல தள்ளற வேலை மிச்சம்."

அவர் எழுந்து போய்க் கை கழுவினார். சாப்பிடாத கையை வெகுநேரம் கழுவினார்.

ஞாயிற்றுக்கிழமை மாங்காய்க் கிரேட்டுகளைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்கள். யோகப்பிரியா, மிருகாஸ்பத்திரி டாக்டர், சந்துரு, காலில் கட்டோடு ஜோபி, புகார் கொடுத்த சிலர். கில்லர் இருந்த மரத்துக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒரு லாரி நுழையலாம். செவலை வந்து ஜோபியின் கிரேட்டுக்குப் பக்கத்தில் நிழல் பார்த்துப் படுத்துக்கொண்டது.

காளிச்சாமி உண்மையைச் சொன்னார். யாரும் நம்பவில்லை.

"ஏனுங்ணா, உங்க ராட்வீலரக் காப்பாத்தறதுக்கு ஒரு வாயில்லாச் சீவன் மேல பழியப் போடறீங்களே" என்றான் சந்துரு.

"இது கடிக்காதுண்ணே" என்றான் ஜோபி. "மூஞ்சியப் பாருங்க, எம்புட்டுப் பாவமா இருக்கு." சொல்லிக்கொண்டே குனிந்து செவலையின் தலையைத் தடவினான்.

காளிச்சாமி மறுபடி சொல்லிப் பார்த்தார். கண்ணு ஒரு பூச்சியைக்கூட மிதிக்காது என்றார். தாடை பூட்டிக்கொள்ளும் என்று யார் சொன்னது என்று அவர்கள் கேட்டார்கள். டயர் கம்பி யாருடைய பேச்சு என்று கேட்டார்கள். அவர் விற்ற சரக்கு அத்தனை தரமானது. திருப்பி எடுத்துக்கொள்கிற மாதிரி அவர் அதைச் செய்திருக்கவில்லை.

கடைசியில் எழுந்து மரத்தடிக்குப் போனார். சங்கிலியை அவிழ்த்தார். சந்துரு, மாங்காய் ஏற்ற நின்றிருந்த லாரியின் படியில் ஏறிக்கொண்டான். காளிச்சாமி, அன்றைய விசாரணைக்காக மாட்டியிருந்த வாய்க்கூட்டைக் கழற்றி, கையை மணிக்கட்டு வரைக்கும் நாயின் வாய்க்குள் விட்டு, எல்லோரும் பார்க்கட்டும் என்று அப்படியே நின்றார். ஜுரமானி வைத்த குழந்தை மாதிரி நாய் பொறுத்துக்கொண்டது. கையை எடுத்ததும், கூட்டத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, நேராகப் பக்கத்துச் செந்தூர மரத்தடிக்குப் போயிற்று. உதிர்ந்து கிடந்ததில் பழுத்ததாக ஒன்றை மோந்து பார்த்துத் தேர்ந்தெடுத்தது. இரண்டு முன்னங்காலுக்கும் நடுவில் அதை நிறுத்தி வைத்து, தோலை உரித்து, கண்ணை மூடிச் சப்ப ஆரம்பித்தது. கொட்டையை ஓரமாகத் துப்பியது. அந்த ஓரத்தில் ஏற்கெனவே ஒரு குவியல் கொட்டை இருந்தது.

"உதிர்ந்த காயெல்லாம் எங்கடா போகுதுன்னு..." என்று லாரிப் படியிலிருந்து சந்துரு ஆரம்பித்து, முடிக்கவில்லை.

டாக்டர் ஜோபியின் கட்டை அவிழ்த்துக் காயத்தைப் பார்த்தார். கில்லரின் வாயைப் பார்த்தார். கடிக்குமா கடிக்காதா என்பது வளர்த்த விதத்தையும், நாயின் குணத்தையும், அன்றைய பயத்தையும் பொறுத்தது என்றார். காளிச்சாமி பலமாகத் தலையாட்டினார். ஆனால் கடித்தால் என்ன ஆகும் என்பது தாடையைப் பொறுத்தது. இதைச் சாது என்று யார் மேலும் அவிழ்த்துவிட்டுவிடக் கூடாது என்றார். அதற்கும் காளிச்சாமி அதே பலத்தோடு தலையாட்டினார். இந்த வாய் பிடித்திருந்தால் ஜோபி இந்நேரம் எலும்பு டாக்டரிடம் இருந்திருப்பான். இது சின்ன வாயின் வேலை என்று முடித்தார்.

அப்போது செவலை கொட்டாவி விட்டது. பல் வரிசை நன்றாகத் தெரிந்தது. ஜோபி அதன் தலைமேலிருந்த கையை மெள்ள எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

யோகப்பிரியா காளிச்சாமியையே பார்த்தாள். "கடிச்சது எதுன்னு தெரிஞ்சும் இத்தன நாளு சும்மா இருந்தீங்களா மாமா?"

"ஆரும் கேக்கலீங்களே அம்மிணி."

யோகப்பிரியா தீர்ப்புச் சொன்னாள். இரண்டு நாய்க்கும் லைசன்ஸ், ஊசி; இரண்டையும் கட்டித்தான் போட வேண்டும்; ஜோபியின் ஆஸ்பத்திரிச் செலவு காளிச்சாமியுடையது. கண்ணு வார்டிலேயே இருக்கலாம். அதைக் கேட்டதும் காளிச்சாமி தலைத்துண்டை எடுத்து முகம் துடைத்தார். வெயில் அதிகம் என்று யாரிடமோ சொன்னார்.

தொழில் படுத்துவிட்டது. மாங்காய் தின்கிற நாய் எனக்கெதற்கு என்று சந்துரு நாயைத் திருப்பி அனுப்பிவிட்டு, கேமரா மாட்டிக்கொண்டான். போர்டை மட்டும் தரமாட்டேன் என்றான். முன்பதிவு செய்த இரண்டு பேரும் டீக்கடையில் காளிச்சாமியைக் கண்டால் பேப்பர் படித்தார்கள். கில்லர் என்ற பெயரை ஊர் மறந்தது. ரோட்டில் பிள்ளைகள் ஓடி வந்து காதைப் பிடித்துத் தொங்கின, வீட்டிலிருந்து பழம் கொண்டுவந்து கொடுத்தன. நாய்க்குத் தொந்தி போட்டது. ராசம்மாள் மட்டும் மாறவில்லை. ஒரு டாக்டர் சொன்னால் ஆயிற்றா என்று கட்டையாலேயே சட்டியைத் தள்ளுகிறாள். செவலையைக் கட்டிப் போட்டதற்காகப் பஞ்சாயத்தைத் திட்டுகிறாள்.

சங்கிலி இப்போது தொங்கத் தொங்க, காளிச்சாமி நிமிர்ந்தே நடக்கிறார். மோட்டார் சத்தத்துக்குத் திரும்புவதுகூட இல்லை. சித்திரை கடைசியில் ஒரு நாள், பிள்ளைகள் கொடுத்த செந்தூரத்தை வாயில் கவ்வியபடி கண்ணு பக்கத்தில் வர, தோப்பு ரோட்டில் போய்க்கொண்டிருந்தார். பின்னாலிருந்து வந்த ஜீப் ஒன்று நின்றது. திண்டுக்கல் பக்கத்து வியாபாரி; அடுத்த வருஷத்துக்கு இந்தப் பக்கம் தோப்பு எடுக்கலாமா என்று பார்த்துக்கொண்டு போகிறவர். கண்ணாடியைப் பாதி இறக்கி, நாயைத் தலையிலிருந்து வால்வரை பார்த்தார்.

"என்ன ஜாதிங்க? கடிக்குமா?"

காளிச்சாமி குனிந்து, கண்ணுவின் வாயிலிருந்த மாம்பழத்தை உருவித் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். பிறகு சங்கிலியை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றி, குதிகாலை ஊன்றி, மெதுவாகப் பின்னால் சாய்ந்தார்.